கார் வாங்கப் போகிறீர்களா? சைக்கிளைக் கேளுங்கள்!

சென்ற மாதம் நம் சங்கக் கூட்டம் முடிந்து சுண்டலும் காப்பியும் நடந்துகொண்டிருந்த நேரத்தில், கூவப்பாடத்தில் குடியிருக்கும் இளைஞர் ஒருவர் என்னை ஓரமாக அழைத்துக்கொண்டு போனார். பெண் பார்க்கிற விஷயமாக இருக்கும் என்று நினைத்து முகத்தைக் கொஞ்சம் கம்பீரமாக வைத்துக்கொண்டேன்.

"அண்ணாச்சி, கார் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். எதை வாங்கலாம்? நீங்க ஒண்ணு வாங்கி வித்தவராச்சே" என்றார்.

வாங்கியதை விட விற்றதுதான் ஊர் நினைவில் நிற்கிறது. போகட்டும்.

"தம்பி, உங்க மொத சைக்கிள எப்படி வாங்கினீங்க?" என்று கேட்டேன். அவர் சுண்டலை வாயில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். கிழவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார். ஆனால் நான் வேடிக்கையாகக் கேட்கவில்லை. மட்டாஞ்சேரிக்கு வந்து நாற்பது வருஷமாகிறது. இந்த நாற்பது வருஷத்தில் ஒரு காரும் மூன்று சைக்கிளும் வாங்கியவன் என்ற தகுதியில் சொல்கிறேன்: சைக்கிள் வாங்கும்போது நாம் செய்கிற தவறுகளைத்தான் கார் வாங்கும்போதும் செய்கிறோம். என்ன, கார் தவறில் சைபர்கள் கூடுதல்.

என் முதல் சைக்கிள் கதையைச் சொல்கிறேன். சங்கரன்கோவிலில் நான் ஆறாம் வகுப்பில் தேறியதும் அப்பா என்னைச் சைக்கிள் கடைக்கு அழைத்துப் போனார். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "22 போதும் ஐயா" என்றார். அப்பா ஒப்பவில்லை. "வளர்ற பிள்ளை. 24ஆவே குடுங்க" என்று சொல்லிவிட்டார். துணிக்கடையில் சட்டைக்குச் சொன்ன அதே வாசகம். சட்டையாவது மடித்துத் தைக்கலாம்.

இந்த 22, 24 என்பது சக்கரத்தின் அளவு என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. சீட்டுக்குக் கீழே பெடல் அச்சுவரை இறங்குகிறதே ஒரு குழாய், அதன் நீளம் அது. பழைய பெரிய சைக்கிளில் சக்கரம் பொதுவாக 28 அங்குலம். சட்டத்தின் உயரம்தான் ஆளுக்கு ஆள் மாற வேண்டியது. பாருக்கு இரண்டு பக்கமும் கால் போட்டு நின்றால் இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதிய வேண்டும், பாருக்கும் நமக்கும் நடுவே ஓர் அங்குலமாவது இடைவெளி இருக்க வேண்டும். சீட்டில் உட்கார்ந்து, கீழே இறங்கிய பெடலில் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அவ்வளவுதான் சாஸ்திரம். கடையில் இரண்டு நிமிஷத்தில் பார்த்துவிடலாம்.

நாங்கள் பார்க்கவில்லை. ஆகவே இரண்டு வருஷம் குரங்குப் பெடல். பாருக்கு அடியில் ஒரு காலை நுழைத்து, உடம்பு ஒரு பக்கம் சைக்கிள் ஒரு பக்கமாக, பஜார் முழுக்க வேடிக்கை பார்க்கப் பள்ளிக்கூடம் போனேன். சரி, வளர்ந்த பிறகாவது பொருந்தியதா என்றால், நான் வளர்ந்து நின்றது ஐந்தடி மூன்று அங்குலம். கடைக்காரர் சொன்ன 22தான் என் ஆயுள் அளவு. சீட்டை அடியோடு இறக்கிவைத்தும், பெடல் கீழே போகும்போதெல்லாம் இடுப்பை ஒரு பக்கம் சாய்த்துச் சாய்த்து மிதித்ததில், அந்த நடை இன்றும் என்னை விட்டுப் போகவில்லை என்று வீட்டில் சொல்கிறார்கள்.

நிற்க. இனி 2012க்கு வருவோம். மிளகு வியாபாரக் கணக்கு எழுதிச் சேர்த்த பணமும் வங்கிக் கடனும் கைக்கு வந்த வருஷம். வீட்டில் நான், மனைவி, பையன், பெண், ஊரிலிருந்து எங்களோடு வந்து தங்கிவிட்ட அம்மா. ஐந்து பேர். என் மைத்துனர் ஒருவர் கார் விஷயத்தில் எல்லாம் தெரிந்தவர் (அவரிடம் கார் கிடையாது). அவர் சொன்னார்: "அத்தான், ஏழு சீட்டாவே எடுத்துருங்க. குடும்பம் வளரும்ல!"

வளர்ற பிள்ளை, வளர்ற குடும்பம். எனக்கு அப்போதே பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. எடுத்துவிட்டோம்.

நம்மைப் போல் வெளியூரில் பிழைக்கிறவர்கள் கார் வாங்கும்போது மனதில் ஓடுகிற சித்திரம் ஒன்றுதான். ஆரியங்காவு மலைப்பாதையில் ஏறி, செங்கோட்டையில் இறங்கி, சொந்த ஊர்த் தெருவில் நம் வண்டி போய் நிற்கிறது; அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்க்கிறார்கள். பாலக்காடு வழியாகப் போகிறவர்களுக்குச் சித்திரத்தில் மலை மட்டும் மாறும். எங்கள் வீட்டில் வருஷத்துக்கு இரண்டு பயணம், ஆடித்தபசுக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று. கூட்டிக் கழித்தால் எட்டு நாள். அந்த எட்டு நாளுக்காக, மீதி 357 நாளும் ஏழு பேர் உட்காரும் வண்டியில் நான் ஒருவனாக உட்கார்ந்து போனேன். மாதம் ஒரு முறை ரேஷன் அரிசி மூட்டை தூக்க வேண்டும் என்பதற்காக, நாள் முழுக்கப் பெரிய கேரியரும் இரட்டை ஸ்டாண்டும் போட்டு இரும்பை மிதிக்கிறவரைப் பார்த்து நாம் சிரிப்போம் அல்லவா? அதே கதைதான்.

தினமும் மூட்டை தூக்குகிறவர் கதை வேறு. ஃபோர்ட் கொச்சியில் வெளி என்ற இடத்துத் தோபிக்கானாவில் தலைமுறை தலைமுறையாகச் சலவைத் தொழில் செய்யும் நம் தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. டச்சுக்காரர் காலத்தில் இங்கு வந்தவர்களின் வழி என்பார்கள். இஸ்திரி போட்ட துணி மூட்டையைச் சைக்கிள் கேரியரில் ஏற்றிக்கொண்டு போகிற பெரியவர்களை அங்கே பார்த்திருக்கிறேன். கனமான சட்டம், அகலக் கேரியர், தடித்த போக்ஸ் கம்பி. அவர்களுக்கு அது அலங்காரம் இல்லை, தினசரி வேலை. அவர்கள் யாரும் மைத்துனரைக் கேட்டுச் சைக்கிள் வாங்கியதாகத் தெரியவில்லை.

அடுத்தது, வண்டி இரவில் எங்கே தூங்கும் என்ற கேள்வி. சைக்கிளுக்கு நாம் இதைக் கேட்காமல் இருப்பதே இல்லை. திண்ணையில் விடலாமா, மாடிப்படிக்கு அடியில் நுழையுமா, பூட்டு எங்கே, எல்லாம் கேட்போம். ஆறு லட்சம், ஏழு லட்சம் கொடுத்து வாங்குகிற காருக்கு மட்டும், "அதெல்லாம் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்போம்.

மட்டாஞ்சேரியைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பஜார் ரோடும் ஜூ டவுன் சந்துகளும் வண்டியில் சரக்கு இழுத்த காலத்து வழிகள். பரதேசி யூதர்களின் ஜெப ஆலயம் 1568இல் கட்டியது. சாலைக்கு வயது அதற்கு ஏறக்குறைய அவ்வளவு இருக்கும் என்று வைத்துக்கொண்டால், ஏழு சீட்டுக் கார் வரும் என்று அன்று யாரும் அகலப்படுத்தி வைக்காததில் குற்றமில்லை. எங்கள் வீட்டுச் சந்தின் வாய் 2 மீட்டர் 5 சென்டிமீட்டர். கார் விளம்பரப் புத்தகத்தில் அகலம் 1 மீட்டர் 70 சென்டிமீட்டருக்குச் சற்றே கூடுதலாகப் போட்டிருந்தது. முப்பது சென்டிமீட்டர் மிச்சம், தாராளம் என்று கணக்கெழுதுகிற எனக்கே தோன்றியது. வண்டி வந்த அன்றுதான் தெரிந்தது, அந்தப் புத்தக அளவில் இரண்டு பக்கத்துக் கண்ணாடிகளும் சேராது என்பது. பெரும்பாலான கம்பெனிகள் கண்ணாடியை விட்டுவிட்டுத்தான் அகலம் போடுகிறார்கள். கண்ணாடியை மடக்கிவிட்டு உள்ளே போனேன். போய் நின்ற பிறகு கதவு திறக்கவில்லை. திரும்பப் பின்னாலேயே வந்து, நானூறு அடி தள்ளி ஒரு பழைய கிடங்கு முற்றத்தில் மாத வாடகைக்கு இடம் பிடித்தேன். எனக்குக் கூட மட்டாஞ்சேரியில் அப்போது சொந்த வீடு கிடையாது. ஆக, வாடகைக்குக் குடியிருப்பவர் இருவரானோம்.

கார்கள் ஏன் இப்படிப் பருத்துவிட்டன என்பதற்கு ஒரு சுவையான காரணம் உண்டு. 1983 டிசம்பரில் வந்த மாருதி 800 ஒன்றரை மீட்டர் அகலம்கூட இல்லை. 796 சிசி, மூன்று சிலிண்டர்; இந்தச் சந்துகளுக்கென்றே தைத்த சட்டை. 2006 மத்திய பட்ஜெட்டில் சிறிய கார்களுக்கு உற்பத்தி வரியைக் குறைத்தார்கள். சிறிய கார் எது? நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் என்றால் 1200 சிசிக்குள், டீசல் என்றால் 1500 சிசிக்குள். அகலத்தைப் பற்றிப் பேச்சே இல்லை! உடனே பல கார்கள் 3 மீட்டர் 99 சென்டிமீட்டரில் வாலை வெட்டிக்கொண்டு வந்தன. இடுப்பை யாரும் குறைக்கச் சொல்லாததால் அது தன் போக்கில் வளர்ந்தது. இன்று வேகன் ஆர் 1 மீட்டர் 62, ஸ்விஃப்ட் 1 மீட்டர் 73. ஆல்ட்டோ கே10 மட்டும் இன்னும் 1 மீட்டர் 49இல் நிற்கிறது. ஆகவே சந்தில் குடியிருப்பவர்கள் விலைப் பட்டியலுக்கு முன்னால் அகலப் பட்டியலைப் பார்க்கவும். கண்ணாடிக்காகப் பக்கத்துக்கு ஒரு சாண் கூட்டிக்கொள்ளவும். கதவு திறக்க இடம் இருக்கிறதா என்று தனியாகப் பார்க்கவும்.

இதில் சிரிக்க முடியாத ஒரு பகுதி உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன். 2016 ஜூலை, நல்ல மழை. இரவு இரண்டு மணி இருக்கும். அம்மாவுக்கு மூச்சுத் திணறல். வாசலில் தண்ணீர். நான் குடையை எடுத்துக்கொண்டு கிடங்குக்கு ஓடினேன். அங்கே போனால் முற்றத்தின் வாசலை அடைத்தபடி ஒரு சரக்கு லாரி. டிரைவர் எங்கேயோ தூங்கப் போயிருக்கிறார். அதற்குப் பின்னால் என் ஏழு சீட்டு வண்டி, மழையில் குளித்துக்கொண்டு பளபளவென்று நிற்கிறது. லாரியை இரண்டு முறை தட்டிப் பார்த்துவிட்டு வீட்டுக்கு ஓடி வந்தேன். மாடிப்படிக்கு அடியில் சைக்கிள். அதை உருவிக்கொண்டு கப்பலண்டிமுக்குக்கு மிதித்தேன். அங்கே ஓர் ஆட்டோவில் ஒருவர் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். "சேட்டா, அம்மைக்கு வய்யா" என்று என் தமிழ் மலையாளத்தில் சொன்னேன். மனிதர் ஒரு வார்த்தை கேட்கவில்லை, வண்டியை எடுத்தார். ஆட்டோ எங்கள் சந்துக்குள் வீட்டு வாசல்வரை வந்தது. அம்மா அன்றைக்குப் பிழைத்தார்கள். அதன் பிறகு மூன்று வருஷம் இருந்தார்கள். சைக்கிள் மட்டும் ஆட்டோ நின்ற இடத்திலேயே பூட்டாமல் கிடந்து, காலையில் பக்கத்து டீக்கடைக்காரர் எடுத்து வைத்திருந்தார்.

மறு வருஷம் காரை விற்றேன். கணக்கைக் கேட்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். 5 லட்ச ரூபாய் கடன், 9 சதவீத வட்டி, ஐந்து வருஷம் என்றால் மாதத் தவணை சுமார் 10,380 ரூபாய். முடியும்போது கட்டியது 6 லட்சத்து 23 ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. இதில் பெட்ரோல் இல்லை, இன்ஷூரன்ஸ் இல்லை, கிடங்கு வாடகை இல்லை. எட்டு நாள் ஊர்ப் பயணத்துக்கு வாடகைக் கார் எடுத்திருந்தால், ஆரியங்காவில் டிரைவருக்கு டீ வாங்கிக் கொடுத்தது போகவும் எவ்வளவோ மிஞ்சியிருக்கும். காரே வேண்டாம் என்று சொல்லவில்லை. தினமும் களமசேரிக்கோ காக்கநாட்டுக்கோ வேலைக்குப் போகிறவருக்கும், மழையில் குழந்தையைப் பள்ளிக்கு விடுகிறவருக்கும் கார் அவசியம்தான். யார் ஓட்டப் போகிறார், எத்தனை நாள், எவ்வளவு தூரம் என்று தாளில் எழுதிவிட்டுப் பிறகு கடைக்குப் போங்கள் என்கிறேன்.

தூரம் என்றதும் கியர் ஞாபகம் வருகிறது. என் பையன் பிளஸ் டூவில் 21 கியர் சைக்கிள் கேட்டான். முன்னால் மூன்று பல் சக்கரம், பின்னால் ஏழு, மூவேழு இருபத்தொன்று. மட்டாஞ்சேரியில் தோப்பும்படிப் பாலத்தைத் தவிர மேடு எங்கே இருக்கிறது? பழைய சைக்கிளில் முன் சக்கரத்தில் 44 பல், பின்னால் 18 பல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மிதிக்குச் சைக்கிள் ஐந்தரை மீட்டர் போகும். இந்தச் சமதரைக்கு அது ஒன்றே போதும். பையன் 21 கியரில் ஒன்றைத்தான் உபயோகித்தான். மீதி இருபதும் துருப்பிடித்தன. காரில் பாட்டு, படம், மேலே திறக்கும் கண்ணாடிக் கூரை என்று கொடுக்கிறார்களே, அவற்றைப் பார்க்கும்போது எனக்கு அந்த இருபது கியரும் ஞாபகம் வரும்.

கை வைக்கக் கூடாத செலவு ஒன்று உண்டு: பிரேக். பழைய கம்பி பிரேக் சைக்கிளில், மழையில் ரிம் நனைந்துவிட்டால் பிரேக் கட்டை வழுக்கும். பிடித்த இடம் ஒன்று, நின்ற இடம் ஒன்று. மழை ஊரில் இது விளையாட்டில்லை. பிரேக் கட்டையை மாற்றக் காசு பார்த்தவர்கள் கடைசியில் செருப்பால் பிரேக் போட்டார்கள். காரில் சக்கரம் இறுகிச் சறுக்காமல் தடுக்கும் ஏ.பி.எஸ். 2019 முதல் கட்டாயம். முன் சீட்டு இரண்டுக்கும் காற்றுப்பை 2021க்குப் பிறகு எல்லாப் புதுக் கார்களிலும் உண்டு. மோதல் சோதனைக்கு நட்சத்திரம் வழங்கும் பாரத் என்காப் திட்டம் 2023 அக்டோபரில் தொடங்கியது. பழைய கார் வாங்குகிறவர்கள் இந்த வருஷங்களை மனதில் வைத்துக்கொண்டு பேரம் பேசலாம்.

பழைய வண்டி என்றால் சைக்கிளில் என்ன பார்ப்போம்? சட்டத்தின் மூட்டுகளில் விரிசல், சக்கரத்தைச் சுழற்றி விட்டால் கோட்டம், சட்டத்தில் அடித்த நம்பரும் பில்லில் உள்ள நம்பரும் ஒன்றுதானா என்பது. காரிலும் இதுவேதான், சேஸிஸ் நம்பரையும் என்ஜின் நம்பரையும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப் பாருங்கள். கேரளத்தில் கூடுதலாக ஒன்று: வெள்ளத்தில் மூழ்கிய வண்டியா என்பது. 2018 ஆகஸ்டில் நெடும்பாசேரி விமான நிலையத்தையே இரண்டு வாரம் மூடிவைத்த வெள்ளம் கார்களை விட்டுவைக்குமா? சீட் பெல்ட்டை முடிவுவரை இழுத்துப் பாருங்கள். அடி நாடாவில் சேற்றுக் கறை இருந்தால் வண்டி நீந்தியிருக்கிறது. சீட்டுக்கு அடியில் தண்டவாளத்தில் துரு, கம்பளத்தில் ஊறிய வாடை, இவையும் அடையாளங்கள். வாசனைத் திரவியம் தாராளமாக அடித்திருந்தால் இன்னும் சந்தேகப்படுங்கள்.

நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிற இடம் நம்பர் பலகை. தமிழ்நாட்டில் வாங்கினால் விலை குறைவு என்று ஊரில் எடுத்து இங்கே கொண்டுவருகிறார்கள். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் அந்த மாநிலத்தில் புதுப் பதிவு எண் வாங்க வேண்டும். அதற்குப் பழைய ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் தடையில்லாச் சான்று வேண்டும், இங்கே வரி கட்ட வேண்டும், பிறகுதான் டிஎன் போய் மட்டாஞ்சேரியின் கேஎல் 43 வரும். அங்கே கட்டிய ஆயுள் வரியில் மீதிக் காலத்துக்கு உரியதைத் திரும்பக் கேட்கலாம். கேட்பது சுலபம். அடிக்கடி மாநிலம் மாறுகிற மத்திய அரசு ஊழியர்களுக்கும், நான்கு மாநிலங்களிலாவது அலுவலகம் உள்ள கம்பெனிகளில் வேலை செய்பவர்களுக்கும் 2021 முதல் பிஎச் வரிசை எண் இருக்கிறது. தகுதி உள்ளவர்கள் விசாரிக்கவும். சைக்கிளுக்கும் ஒரு காலத்தில் நகராட்சியில் வரி கட்டித் தகட்டு வில்லை மாட்டினோம், விளக்கில்லாமல் போனால் போலீஸ்காரர் காற்றைப் பிடுங்கிவிட்டார் என்று சொன்னால் இப்போது பிள்ளைகள் நம்புவதில்லை.

பராமரிப்பு பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. உப்புக் காற்று இரண்டையும் ஒரே மாதிரி தின்னும். சைக்கிள் கடையில் சக்கரத்தின் பெண்டு எடுப்பார்கள். கார் சர்வீஸுக்கு விட்டால் நம் பெண்டு எடுப்பார்கள். சிறு வயதில் 'ஓவராயில்' என்றால் அதிகமாக எண்ணெய் போடுவது என்று நினைத்திருந்தேன். கார் பில்லில் எண்ணெய் வரிசையைப் பார்த்த பிறகு அப்படித்தானோ என்று இன்னும் ஒரு சந்தேகம்.

அரசாங்கத்துக்கும் என் ஒப்பீட்டில் உடன்பாடு போலிருக்கிறது. 2025 செப்டம்பர் 22 அன்று சிறிய காருக்கு ஜி.எஸ்.டி. 28இலிருந்து 18 ஆனது. அன்றைக்கே சைக்கிளுக்கு 12இலிருந்து 5. ஃபோர்ட் கொச்சியிலிருந்து வைப்பினுக்குப் போகும் ரோ-ரோ படகில் காரும் சைக்கிளும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதைப் பார்க்கலாம். இரண்டும் ஒரே நிமிஷத்தில்தான் அக்கரை சேருகின்றன.

கூவப்பாடத்துத் தம்பி இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். சுண்டல் ஆறிப்போனது. கடைசியில், "அப்போ எந்தக் கார்தான் வாங்கட்டும் அண்ணாச்சி?" என்றார். நான் வீட்டுக்கு அழைத்துப் போய் என் இரும்பு டேப்பை எடுத்துக் கொடுத்தேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, அவரும் அவர் மனைவியும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு தங்கள் சந்தை அளந்துகொண்டிருந்தார்களாம். கார்ப்பரேஷனில் இருந்து வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, எதிர்வீட்டுக்காரர் வாசல் படியை இடித்துவிடுவார்களோ என்று கலங்கிப்போய் எனக்குப் போன் செய்தார்.

தம்பி இன்னும் கார் வாங்கவில்லை. டேப்பும் இன்னும் திரும்பி வரவில்லை.